நாய் தொலைந்தால் திரும்பி வர: பட்டை, சிப், டிராக்கர் எதற்கு எது?

தொலைந்த நாயை முதலில் பார்ப்பவர் ஒரு டீக்கடைக்காரராக இருப்பார். அல்லது பால் போடுபவர், அடுக்ககக் காவலாளி, ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருப்பவர், விடியலில் தெரு கூட்டும் தூய்மைப் பணியாளர். இவர்களில் யாரிடமும் சிப் படிக்கும் ஸ்கேனர் இருக்காது. கைபேசி இருக்கும், அதில் ஒரு எண்ணைத் தட்டி அழைக்கும் அளவுக்கு நல்ல மனசும் இருக்கும். நாய்க்கு என்ன அடையாளம் என்று முடிவு செய்யும்போது இந்த ஆளை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புதிதாக நாய் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் விலை கூடிய பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் கழுத்தில் கைபேசி எண். அடுத்து தோலுக்கடியில் மைக்ரோசிப். அதற்குப் பிறகும் கையில் காசிருந்து, நாயும் ஓடிப்போகிற சுபாவம் கொண்டதாக இருந்தால் டிராக்கர். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. ‘சிப் போட்டாச்சே, நாய் எங்கே இருக்குன்னு போனில் தெரியாதா?’ என்று கேட்பவர்கள் நிறைய. தெரியாது. சிப்பில் பேட்டரியும் இல்லை, இருப்பிடத்தைச் சொல்லும் வசதியும் இல்லை.

கழுத்துப்பட்டையும் தகடும்

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போகவேண்டும், அதற்கு மேல் தளர்வு வேண்டாம். குட்டியாக இருந்தால் வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் பட்டை இரண்டு மூன்று முறை மாறும். முடி அடர்ந்த நாய்களில் பட்டை இறுகுவது கண்ணுக்குத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து அதற்குச் சமமான பருமன். சாதாரண பக்கிள் பட்டையைப் பின்பக்கமாக இழுத்து ஒரே நொடியில் கழற்றிவிடும். இவற்றுக்கு இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகுகிற ‘மார்ட்டிங்கேல்’ வகைப் பட்டை அல்லது உடம்போடு மாட்டும் ஹார்னஸ் பொருந்தும். ஆனால் ஹார்னஸை வீட்டுக்குள் கழற்றிவிடுவோம், நாய் தொலைவதோ கேட் திறந்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில். அதனால் எண் உள்ள தகடு எப்போதும் கழுத்தில் கிடக்கும் பட்டையில்தான் இருக்கவேண்டும்.

தகட்டை ஆன்லைனில்தான் வாங்கவேண்டும் என்றில்லை. பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருபவரிடம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய எவர்சில்வர் வில்லையைக் கொடுத்தால் எண்ணை வெட்டித் தருவார். புள்ளிப் புள்ளியாக இருந்தாலும் வருடக்கணக்கில் அழியாது. பிளாஸ்டிக் தகட்டை நாய் கடித்துத் துப்பும். பெயின்ட்டில் அச்சடித்த தகடு வெயிலிலும் குளியலிலும் வெளுத்துவிடும். மார்க்கர் பேனாவால் பட்டையில் எழுதிய எண்ணுக்கும் இதே கதிதான்.

வெட்ட வேண்டியது: வெவ்வேறு ஆட்களின் இரண்டு கைபேசி எண்கள், இடம் இருந்தால் பேட்டையின் பெயர். அவ்வளவு போதும். ஒரே எண் போட்டால், நாயைத் தேடி அலையும்போது அந்தப் போனில் சார்ஜ் தீர்ந்திருக்கும். நாயின் பெயரைப் போடுவதா வேண்டாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. பெயர் தெரிந்தால் கண்டெடுத்தவர் கூப்பிட்டு அமைதிப்படுத்தலாம் என்பது ஒரு கட்சி, திருடுபவனுக்கும் அது வசதி என்பது மறு கட்சி. சின்னத் தகட்டில் அந்த இடத்தை இரண்டாவது எண்ணுக்குக் கொடுப்பதே மேல். அழைத்தவருக்குப் பெயரைப் போனிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

தகடுகள் தொலைவதற்குப் பெரும்பாலும் காரணம் அதை மாட்டும் கொக்கி. ‘எஸ்’ வடிவக் கம்பி இழுபட்டு விரிந்து தகடு எங்கேயோ விழுந்துவிடும். சாவிக்கொத்து வளையம் போல இரண்டு சுற்று உள்ள வளையம் போடுங்கள். சத்தம் பிடிக்காதவர்கள் செவ்வகத் தகட்டைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் பட்டையிலேயே ரிவெட் அடித்து வாங்கலாம். தொங்காது, மாட்டாது, கடிபடாது. மூன்றில் இதுதான் நீடிக்கும்.

கியூஆர் தகடுகள் பார்க்க நன்றாக இருக்கும். ஸ்கேன் செய்தால் உங்கள் விவரம் வரும், எண் மாறினால் இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் அந்த விவரம் விற்ற நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. கடையை மூடிவிட்டால் கழுத்தில் வெறும் கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும். பட்டன் போன் வைத்திருப்பவருக்கு அது எப்போதுமே வெறும் கட்டம். வாங்கினால் பின்பக்கம் எண்ணையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

மைக்ரோசிப்

பட்டை கழன்றுவிட்டால், அல்லது யாராவது கழற்றி எறிந்துவிட்டால், மிஞ்சுவது சிப்தான். சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், அதாவது ஒரு நீண்ட அரிசி மணி அளவு. உடம்புக்கு ஒவ்வாமை தராத கண்ணாடி உறைக்குள் ஒரு எண் மட்டும் இருக்கும். ஸ்கேனரைப் பக்கத்தில் கொண்டுவந்தால் அதன் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு எண்ணைத் திருப்பிச் சொல்லும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் போடுவார்கள். தடுப்பூசி ஊசியைவிடத் தடிமனான ஊசி, மயக்கமருந்து தேவையில்லை. நாய் பயந்த சுபாவம் என்றால் கருத்தடை அறுவைச் சிகிச்சையின் மயக்கத்திலேயே போட்டுவிடச் சொல்லலாம்.

போடும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில், 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் 15 இலக்கச் சிப்பா? இந்த வகையைத்தான் பெரும்பாலான ஸ்கேனர்கள் படிக்கும். முதல் மூன்று இலக்கம் 356 என்றால் இந்தியாவின் குறியீடு. 9-இல் தொடங்கினால் சிப் தயாரித்த நிறுவனத்தின் குறியீடு. இரண்டும் செல்லும்.

மருத்துவர் ஊசி போடும் முன் பாக்கெட்டோடு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனரில் வரும் எண்ணும் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். போட்ட பிறகு நாயின் மேல் இன்னொரு முறை ஸ்கேன் செய்யவேண்டும், ஏனென்றால் ஊசியை எடுக்கும்போது அதே துளை வழியாகச் சிப் வெளியே நழுவி முடிக்குள் விழுவதுண்டு. ஸ்டிக்கர்கள் சில வரும். ஒன்றைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டுங்கள், ஒன்றை மருத்துவரின் பதிவேட்டில் ஒட்டச் சொல்லுங்கள், ஒன்றைப் படம் பிடித்து வீட்டில் எல்லார் போனிலும் வையுங்கள். 15 இலக்கத்தைக் கையால் எழுதினால் எங்கேயாவது ஒன்று மாறும். ஒன்றிரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

பலர் கோட்டை விடும் இடம் அடுத்தது. சிப்புக்குள் உங்கள் பெயரோ முகவரியோ கிடையாது. எண்ணை எந்தப் பதிவேட்டில் யார் பெயரில் ஏற்றியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உலகம் முழுக்க ஒரே பதிவேடு என்று ஒன்றில்லை. சிப் நிறுவனத்தின் தளம், மாநகராட்சியின் உரிமப் பதிவு, போட்ட மருத்துவரின் கணினி என்று பல இடம். எங்கெங்கே பதியலாமோ அங்கெல்லாம் பதியுங்கள். வாங்கிய நாய்க்கு முன்பே சிப் இருந்தால் பழைய உரிமையாளர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றாமல் விடாதீர்கள். வீடு மாறினாலும் சிம் மாறினாலும் அதே வாரத்தில் திருத்துங்கள்.

ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போகும்போது சிப்பையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில நாய்களில் சிப் தோலுக்கடியிலேயே நகர்ந்து தோள் பக்கமோ முன்னங்காலுக்கோ மார்புக்கோ வந்துவிடும். முதுகில் மட்டும் ஸ்கேனரை ஒருமுறை காட்டிவிட்டு ‘சிப் இல்லை’ என்று சொன்னால் நம்பவேண்டாம். பேட்டரி குறைந்த ஸ்கேனர், கழுத்தில் கிடக்கும் இரும்புச் சங்கிலி, வேகமாக வீசியது, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். சங்கிலியைக் கழற்றி, கழுத்திலிருந்து வயிறு வரை இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்து வளைத்துப் படிக்கவேண்டும். கண்டெடுத்தவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நாயோடு போகும் எண்ணம் இருந்தால் சிப் முதலில், வெறிநோய்த் தடுப்பூசி அதன் பிறகு. மாற்றிப் போட்டால் அந்தத் தடுப்பூசி பயணக் கணக்கில் வராது.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் சிப்பும் கட்டாயம் என்று மாநகராட்சி 2025-இல் கொண்டுவந்தது. உரிமக் கட்டணம் 50 ரூபாய், உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தது. மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் இலவசமாகச் சிப் போடவும் ஏற்பாடு செய்தது. விண்ணப்பிக்க வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். அபராதத்துக்குப் பயந்து செய்தாலும் சரி, நாய் தொலைந்த அன்றைக்கு அந்தப் பதிவு உங்கள் பக்கம் பேசும். உங்கள் ஊரில் என்ன விதி என்பதை நகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

காதிலோ தொடையிலோ பச்சை குத்துவது பழைய முறை. மங்கிவிடும், முடி மூடிவிடும், பார்த்தாலும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாது. விட்டுவிடலாம்.

டிராக்கர் வாங்குவதற்கு முன்

கடையில் ‘டிராக்கர்’ என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று உண்மையான ஜிபிஎஸ்: சிம் கார்டு போட்டு, செயற்கைக்கோள் வழியாக இடம் அறிந்து, கைபேசி வலை வழியாக உங்களுக்கு அனுப்பும். மாதக் கட்டணம் உண்டு, சில நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடவேண்டும், மறந்த அன்றைக்குத்தான் நாய் ஓடும். கட்டடத்துக்குள்ளே, கீழ்த்தளப் பார்க்கிங்கில் இடம் தப்பாகக் காட்டும். 2ஜி மட்டும் உள்ள மலிவு டிராக்கரில் ஜியோ சிம் வேலை செய்யாது, ஏனென்றால் ஜியோவுக்கு 2ஜி வலையே கிடையாது. வாங்கும் முன் இதைப் பாருங்கள். எடையையும் பாருங்கள். ஐந்து கிலோ நாயின் கழுத்தில் தீப்பெட்டி அளவு கருவி தொங்கினால் அது தலையைச் சாய்த்துக்கொண்டே நடக்கும்.

இரண்டாவது வகை ஏர்டேக் போன்ற புளூடூத் வில்லைகள். இவற்றில் ஜிபிஎஸ் இல்லை. பக்கத்தில் போகிறவர்களின் போன் அதைப் பார்த்தால்தான் இடம் தெரியும். ஏர்டேக்கைப் பார்ப்பவை ஆப்பிள் கருவிகள். அண்ணா நகரிலோ ஓஎம்ஆரிலோ ஓரளவு உதவும். சங்கரன்கோவில் பக்கத்துக் காட்டில் நாய் ஓடினால் யார் ஐபோனோடு பின்னால் போவார்? தவிர, உரிமையாளரைப் பிரிந்து தன்னோடு வரும் ஏர்டேக் பற்றி நாயை வைத்திருப்பவரின் போனுக்கே எச்சரிக்கை போய்விடும், திருட்டில் அது உங்களுக்கு உதவாது. ஆப்பிள் நிறுவனமே இதைப் பொருள்களுக்கான கருவி என்கிறது. உள்ளே இருக்கும் நாணய வடிவ லித்தியம் பேட்டரியை நாய் கடித்து விழுங்கினால் உணவுக்குழாய் வெந்துவிடும். நிமிடக் கணக்கில் மருத்துவரிடம் ஓடவேண்டிய நிலை அது. மாட்டினால் பட்டையோடு தைத்த, கடிக்க எட்டாத உறையில் மாட்டுங்கள்.

இன்றைக்கே எடுத்து வைக்கவேண்டிய படங்கள்

சோபாவில் தூங்கும் படம் ஆயிரம் இருக்கும், தேடும்போது ஒன்றும் உதவாது. பகல் வெளிச்சத்தில், நாய் நின்றபடி, இடப்பக்கம், வலப்பக்கம், முகம் நேராக, வால், கூடவே உயரம் தெரிய ஒரு ஆள் பக்கத்தில் நிற்கும் படம். மச்சம், தழும்பு, நகத்தின் நிறம், வயிற்றுப் புள்ளி இவற்றை நெருக்கமாக எடுங்கள். முடி வெட்டிய பிறகு புதுப் படம் எடுங்கள், ஷிட்சூ வகை நாய்கள் வெட்டிய பிறகு வேறு நாய் போலிருக்கும். இவற்றோடு தடுப்பூசிப் புத்தகம், உரிமம், சிப் ஸ்டிக்கர், வாங்கிய ரசீது இவற்றையும் ஒரே போல்டரில் வையுங்கள். ‘இது என் நாய்’ என்று இன்னொருவர் சொந்தம் கொண்டாடும்போது பேசுபவை இவைதான்.

தொலைந்துவிட்டது: முதல் சில மணி நேரம்

முதலில் வீட்டையே தேடுங்கள். கட்டிலடி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மறைவு, குளியலறை, லிஃப்ட், மாடிப்படிக்குக் கீழ். தீபாவளி வெடிக்குப் பயந்த நாய் தெருவுக்கே போயிருக்காது, பீரோவுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் கிடக்கும்.

வெளியே போயிருந்தால் ஒருவர் வீட்டிலேயே இருக்கவேண்டும், கேட் திறந்தே இருக்கவேண்டும். பல நாய்கள் சுற்றிவிட்டுத் தாமே வருகின்றன, வரும்போது கேட் சாத்தியிருந்தால் மறுபடி போய்விடும். நீங்கள் உடுத்திய, துவைக்காத சட்டையையும் அதன் படுக்கையையும் வாசலில் போடுங்கள். சாப்பாட்டை வாசலில் கொட்டாதீர்கள். தெருநாய்கள் கூடும், உங்கள் நாய் கிட்டவே வராது.

மற்றவர்கள் இரண்டு பேராகப் பிரிந்து நடந்து தேடுங்கள், பைக்கில் ஒருவர் சற்றுத் தூரம் போகலாம். வீட்டு வண்டியின் சத்தம் நாய்க்குப் பழக்கம் என்பதால் அந்த வண்டியையே எடுங்கள். தெருநாய்கள் குரைக்கும் திசையைக் கவனியுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் அவற்றுக்கு எல்லை உண்டு, புது நாய் நுழைந்தால் விரட்டும், அந்தக் குரைப்பு தெருத் தெருவாக நகர்வதை வைத்தே எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு அடியில், கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களில், மழைநீர்க் கால்வாய்ப் பாலங்களுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண் பளபளக்கும்.

பார்த்தவுடன் ஓடிப் பிடிக்காதீர்கள். பயந்த நாய்க்குத் தன் வீட்டு ஆளே அடையாளம் தெரியாமல் போவதுண்டு. பத்துப் பேர் பெயரைக் கத்திக்கொண்டு சூழ்ந்தால் அது நேராகப் பெரிய ரோட்டுக்குத்தான் ஓடும். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள், கண்ணை நேராகப் பார்க்காதீர்கள், சாதாரணக் குரலில் பேசுங்கள், அதற்குப் பிடித்த தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக எறியுங்கள். வந்து மோந்து பார்த்ததும் பட்டையைத் தாவிப் பிடிக்காமல், மார்பைத் தடவி மெதுவாகக் கயிறு மாட்டுங்கள். அன்று கிடைக்காவிட்டால் விடியற்காலை நாலிலிருந்து ஆறு மணி வரை திரும்பத் தேடுங்கள். போக்குவரத்து இல்லாத அந்த நேரத்தில் ஒளிந்த நாய்கள் வெளியே வரும். பால்காரர், பேப்பர் போடுபவர், தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர் எல்லாரையும் அப்போதுதான் பார்க்கவும் முடியும்.

போஸ்டரும் போன் அழைப்புகளும்

ஏ3 அளவுத் தாள், ஒரே ஒரு பெரிய படம், மேலே ‘நாய் காணவில்லை’, கீழே பைக்கில் போகிறவர் படிக்கும் அளவில் கைபேசி எண். நடுவில் ஒரே வரி. இனப் பெயரை நம்பவேண்டாம், ‘பீகிள்’ என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? ‘தொங்கு காது, வெள்ளை, பழுப்பு, கறுப்பு மூன்றும் கலந்த சின்ன நாய், சிவப்புப் பட்டை’ என்றால் எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறையில் திறந்த பக்கம் கீழே வரும்படி போடுங்கள். டீக்கடை, மருந்துக்கடை, கால்நடை மருத்துவமனை, ஆட்டோ ஸ்டாண்ட், கடை முதலாளியிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

ஒரு அடையாளத்தை மட்டும் எங்கும் சொல்லாதீர்கள், வயிற்றில் இருக்கும் மச்சம் மாதிரி. யாராவது ‘உங்கள் நாய் என்னிடம்தான் இருக்கிறது, வண்டி வாடகைக்கு ஜிபே பண்ணுங்க’ என்றால் அதைக் கேளுங்கள், அல்லது வீடியோ காலில் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பவேண்டாம், ஓடிபியும் சொல்லவேண்டாம். சன்மானம் உண்டு என்று போடலாம், தொகையைப் போடாதீர்கள். தொகை பெரிதாக இருந்தால் நாயைத் துரத்திப் பிடிக்க ஒரு கூட்டமே கிளம்பும்.

நாய் வண்டி, காவல் நிலையம்

பட்டை இல்லாத நாயை மாநகராட்சி வண்டி தெருநாய் என்று எண்ணிப் பிடித்துப்போக வாய்ப்பு உண்டு. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, பிடித்த தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காதில் அடையாள வெட்டுப் போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்துக்குக் கொண்டுபோகும்படி 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே தொலைந்த மறுநாளே இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் காப்பகத்துக்கும் படத்தோடு நேரில் போய்ப் பாருங்கள். போனில் கேட்டால் ‘அப்படி நாய் இல்லை’ என்பார்கள், ஒவ்வொரு கூண்டையும் அவர்கள் பார்த்துச் சொல்ல முடியாது. சென்னையில் மாநகராட்சி எண் 1913. வேளச்சேரி சாலையில் இருக்கும் விலங்குநல அமைப்பான புளூ கிராஸ், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டையும் பட்டியலில் வையுங்கள். அடிபட்ட நாயை யாராவது கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம்.

திருட்டு என்று சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நாயும் சட்டப்படி உங்கள் சொத்து, அதைத் திருடினாலும் திருட்டுக் குற்றம்தான். புகாரில் சிப் எண்ணை எழுதுங்கள், கேட் பக்கம் இருக்கும் கேமரா பதிவைக் கேட்டு வாங்கி வையுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு சில நாளில் தானே அழிந்துவிடும்.

கிடைத்த பிறகு

பசியோடு வந்த நாய்க்கு ஒரே தடவையில் வயிறு நிறையப் போடாதீர்கள். தண்ணீர் கொஞ்சமாக, சோறு கொஞ்சமாக, சில மணி நேரம் விட்டு விட்டுக் கொடுங்கள். விரலிடுக்கு, காது, அக்குள் எல்லாம் உண்ணி பாருங்கள். கடிபட்ட காயம் இருந்தால் கையுறை போட்டு சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி அன்றே மருத்துவரிடம் போங்கள். முன்பு தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிக்குப் பிறகு வெறிநோய் ஊசி மறுபடி தேவைப்படும், எத்தனை தவணை என்பதை அவர் சொல்வார். பிடிக்கும்போது உங்களையோ கண்டெடுத்தவரையோ கீறியிருந்தால் அவரையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதே வருகையில் சிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். போஸ்டர்களை எல்லாம் கிழித்துவிட்டு, வாட்ஸ்அப் குழுக்களில் ‘கிடைத்துவிட்டது’ என்று போடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்தும் வேறு யாருடைய நாயையோ பிடித்துக் கட்டிவைத்துவிட்டு உங்களை அழைப்பார்கள்.